பள்ளத்துப் பக்கம்

ஜூலை மாதம் முழுக்க ஏற்காட்டில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "நல்லவேளைங்க, மலைப்பக்கம் ஒடிச்சீங்க." காய்கறிக் கடையில் சொன்னார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது சொன்னார்கள். பெட்ரோல் போட வந்த முன்பின் தெரியாத ஜீப்காரர்கூடக் கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போனார். நானும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். பாராட்டு வரும்போது வேண்டாமென்று சொல்லுகிற பெருந்தன்மையெல்லாம் எனக்குக் கிடையாது.

என் பெயர் ஆரோக்கியசெல்வி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். ஒன்பது வருடமாக மாரமங்கலம் போகிற வேன் என் கையில்தான் இருக்கிறது. ஜூன் கடைசியில் ஒரு மாலை நேரம், சரியான மழை, வேனில் பதினோரு பிள்ளைகள். ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். வேனின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி வழுக்கியது. நான் ஸ்டியரிங்கை முழுசாக மலைப்பக்கம் ஒடித்தேன். வேன் சாலைக்குக் குறுக்கே திரும்பி, மலையோரத்து மண்ணில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. பிள்ளைகள் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

கூடின சனமெல்லாம் மண்ணில் புதைந்த மூக்கைத்தான் பார்த்தது. பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். பின் சக்கரத்துக்கும் சாலை விளிம்புக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு லெஃப்ட், ரைட் எல்லாம் லைசென்ஸ் எடுக்கிற அன்றைக்கு மட்டும்தான். மற்ற நாளெல்லாம் மலைப்பக்கம், பள்ளத்துப் பக்கம். எதிரே பஸ் வந்தால், "மலைப்பக்கம் ஒதுங்கு." குழந்தை வாந்தி எடுத்தால், "பள்ளத்துப் பக்கம் எட்டிப் பாக்காத, கண்ணு." ஆபத்து என்றால் மலைப்பக்கம் ஒடி. இங்கே ஓட்டப் பழகுகிறவனுக்குக் கிளட்ச் எது என்று தெரிவதற்கு முன்னாலேயே இது தெரிந்துவிடும்.

மாரமங்கலத்து மாதேஷ் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்தம்மா ஓட்டலீன்னா எம்புள்ள அந்த வேன்ல ஏற மாட்டாளுங்க," என்று சொன்னார். காபியும் மிளகும் வைத்திருக்கிற விவசாயி, அதிகம் பேசாத மனிதர். அவர் மகள் கௌரி நாலாம் வகுப்பு படிக்கிறாள். அன்றைக்கு வேனில் இருந்தாள். சேர்வராயன் கோயிலில் எனக்காகத் தேங்காய் உடைத்து, பாதி மூடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கூட்டத்தில் அவர் பேசி முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்.

பள்ளியின் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் மட்டும் கைதட்டவில்லை. என்னைத் தனியாக அழைத்தார். "எல்லாரும் உன்னப் புகழறாங்க செல்வி. எனக்கு மட்டும் இன்னும் பயம் போகல. சென்னையிலிருந்து ஒருத்தர் வர்றார். வண்டி வழுக்கினா எப்படிச் சமாளிக்கறதுன்னு மூணு நாள் சொல்லித் தர்றார். அவர் தேறிட்டன்னு கையெழுத்துப் போட்டா, திங்கக்கிழமை வேன் சாவிய வாங்கிக்க. போடலன்னா ஆயா வேலை காலியா இருக்கு, அதப் பாத்துக்க."

எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறியது. பதினோரு பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவளுக்கு ஆயா வேலையா? சிஸ்டர் என்பதால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். ஸ்டியரிங் பிடித்த கையால் ஆயாவாகப் பள்ளிக்கூட மணி அடிப்பதில்லை என்று படியிறங்கும்போதே முடிவு செய்தேன்.

பயிற்சி ஓர் எஸ்டேட்டின் காபிக் களத்தில் நடந்தது. அறுவடைக் காலத்தில் காபிப் பழம் காயப்போடுகிற பெரிய சிமென்ட் களம். மழைக்காலத்தில் சும்மா கிடந்து பாசி பிடிக்கும். ஒரு பக்கம் மேடு, அதன்மேல் கிடங்கு. மறுபக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், அதற்குக் கீழே காபிச் செடிகளோடு சரிவு இறங்குகிறது. சொல்லிக்கொடுக்க வந்தவர் சேகர், முப்பது வயதுகூட இருக்காது. களத்தை வழுக்க வைப்பதற்காகக் கேன் கேனாகச் சோப்புக் கரைசல் கொண்டுவந்திருந்தார். எஸ்டேட் வாட்ச்மேன் அதற்குத் தேவையே இல்லை என்று சொல்லிவிட்டு, காட்டுவதற்காகக் களத்தில் நடந்தார். மூன்றாவது அடியில் உட்கார்ந்துவிட்டார். கேன்களைக் கடைசிவரை யாரும் திறக்கவில்லை.

நாங்கள் நாலு பேர். எனக்குத் தெரிந்தவர் சித்தன் மட்டும்தான். வெள்ளக்கடைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவர், வாய் மூடாதவர். சேகர் ஒவ்வொருவரிடமும், வண்டி வழுக்கின அனுபவம் உண்டா, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். என் முறை வந்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னேன். சித்தன், "ஊரே பேசுதுங்க சார்," என்று எடுத்துக் கொடுத்தார்.

சேகர் சிரிக்கவில்லை. சாக்பீஸ் எடுத்து ஈரமில்லாத இடத்தில் சாலையை வரைந்தார், வேனை வரைந்தார். "மேடம், வால் பள்ளத்துப் பக்கம் போகுது. அப்போ நீங்க மூக்கை மலைப்பக்கம் திருப்பினா என்ன ஆகும்? வால் இன்னும் வேகமாப் பள்ளத்துக்குப் போகும். பிரேக்கை விட்டுட்டு, வால் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை ஒடிக்கணும். அப்போதான் வண்டி நேராகும்."

"பள்ளத்துப் பக்கம் ஒடிக்கோணுமா?"

"ஆமா மேடம். நீங்க செஞ்சது தப்பு."

"தம்பி, நீங்க எத்தன வருசமா மலையில ஓட்டறீங்க?"

"மலையில ஓட்டினதே இல்ல மேடம். வழுக்கற வண்டியில மட்டும் எட்டு வருஷமா உக்காந்திருக்கேன்."

சித்தன் களுக்கென்று சிரித்துவிட்டார். அன்று மதியம் நான் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கிடங்குப் படியில் தனியாக இருந்தேன். சேகரைத் திட்டுவதற்கு நல்ல நல்ல வார்த்தைகளாகத் தேடிக்கொண்டிருந்தேன். நடுநடுவே அந்த ஒரு முழம் இடம் கண்ணுக்குள் வந்து நின்றது. அவர் சொன்னது சரி என்று எனக்கு அந்தப் படியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு மாதமாக ஊர் முழுக்கக் கைநீட்டி வாங்கிய பாராட்டெல்லாம் தப்புக்கு வாங்கியது. வெட்கத்தில் காது சுட்டது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய், "சார், எனக்கு மொதல்ல வண்டி குடுங்க," என்றேன்.

ஒரு பழைய கார். நான் ஓட்ட வேண்டும், சேகர் பக்கத்தில் உட்கார்ந்து எதிர்பாராத நேரத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுப்பார். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு பாசியில் வழுக்கும். வால் போகிற பக்கமே ஒடித்து, போக வேண்டிய வழியை மட்டும் பார்த்து வண்டியை நேராக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம். வால் இடப்பக்கம் போனபோது சரியாக ஒடித்தேன். வலப்பக்கம் போனபோது என் கை தானாக இடப்பக்கம் ஒடித்தது. கார் பம்பரமாகச் சுற்றியது. மறுபடியும், மறுபடியும். இடது சரி, வலது தப்பு. சேகர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் களத்தின் மறுமுனையிலிருந்து கிளம்பினோம். அன்றைக்கு வலது சரியாக வந்தது, இடது தப்பியது. மற்ற மூன்று பேருக்கும் அதே கதை. சேகர் நோட்டை இப்படியும் அப்படியும் புரட்டினார். "நேத்து உங்க எல்லாருக்கும் ரைட் வரல. இன்னிக்கு லெஃப்ட் வரல. எனக்கு இது புரியவே இல்ல."

"இதுல என்னங்க சார் புரியாம இருக்குது," என்றார் சித்தன். "நேத்து அந்த முனையிலருந்து வந்தம், பள்ளம் ரைட்டுல இருந்துச்சு. இன்னைக்கு வண்டியத் திருப்பிட்டீங்க, லெஃப்ட்டுக்கு வந்துருச்சு. பள்ளத்துப் பக்கம் நாங்க ஒடிக்க மாட்டமுங்க."

சேகர் அப்போதுதான் அந்தச் சுவரையும் அதற்கப்பால் இறங்கும் சரிவையும் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கார் போகிற வேகத்துக்கு அந்தச் சுவரைத் தொடக்கூட முடியாது. அது எங்கள் மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது. ஒன்பது வருடமாக என் கைக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பக்கம் போகாதே என்று.

சேகர் கெட்டவர் இல்லை. என் நிலைமை அவருக்குத் தெரியும். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், "மேடம், ஒண்ணு செய்யலாம். நாளைக்கு உங்க டெஸ்டை சேலத்துல ஒரு மைதானத்துல வெச்சுக்கலாம். நாலாபக்கமும் சமதரை. நீங்க சுலபமாத் தேறிடுவீங்க."

ஒரு நிமிடம் எனக்கு வாயில் எச்சில் ஊறியது என்பதை மறைப்பானேன். கையெழுத்து, சாவி, திங்கட்கிழமை. எல்லாம் சேலத்தில் தட்டில் வைத்தமாதிரி காத்துக்கொண்டிருந்தது.

"எம்பட வேன் சேலத்துல ஓடலீங்க சார்," என்றேன்.

கிடங்கில் காபித் தொலி அடைத்த சாக்குகள் கிடந்தன. எடை இல்லாதவை. வாட்ச்மேனிடம் கேட்டு ஒவ்வொன்றாக இழுத்து வந்தேன். சுவர் ஓரத்தில் வைக்கவில்லை. களத்தின் நடுவாக, கார் ஓடுகிற வழியிலிருந்து ஆறடி தள்ளி வரிசையாக நிறுத்தினேன். சித்தன் ஒரு கை கொடுத்தார். எதற்கு என்று கேட்டார்.

"இதாங்க பள்ளம். சாக்குக்கு அந்தப் பக்கம் தரையே இல்லைன்னு வெச்சுக்குங்க."

"இருக்கற பள்ளம் பத்தாதுன்னு நீங்க வேற வெட்டறீங்க," என்று முனகிக்கொண்டே கடைசிச் சாக்கை வைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து வெளிச்சம் மங்கும்வரை அந்தச் சாக்குகளின் ஓரமாக ஓட்டினேன். முதல் சில தடவை பழைய கதைதான். கார் சுற்றியது, வால் சாக்குகளை வாரி அடித்தது. ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய் நானே திரும்ப நிறுத்தினேன். ஒவ்வொரு சாக்கும் வேனில் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளை என்று நினைத்துக்கொண்டு நிறுத்தினேன். அப்படி நினைத்தால் கை சீக்கிரம் திருந்தும் என்று பார்த்தேன். திருந்தவில்லை, இன்னும் வேகமாக மலைப்பக்கம்தான் ஓடியது. அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

சேகர், "லெஃப்ட்" என்று கத்திப் பார்த்தார். என் காதில் அது ஏறவேயில்லை. கடைசியில் நானே சொன்னேன். "சார், லெஃப்ட்டுன்னு சொல்லாதீங்க. வால் போச்சுன்னா பள்ளம்னு சொல்லுங்க."

"அந்த வார்த்தையைக் கேட்டா நீங்க பயப்பட மாட்டீங்களா?"

"பயப்படுவேன். அந்த வார்த்தையக் கேட்டாத்தான் என் கைக்கு எந்தப் பக்கம்னு வெளங்குது. சொல்லுங்க."

ஹேண்ட்பிரேக் இழுபட்டது. "பள்ளம்," என்றார். கை வழக்கம்போல மலைப்பக்கம் போகப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சாக்குகளை நோக்கி ஒடித்தேன். கொஞ்சம்தான் ஒடித்தேன், தாமதமாகத்தான் ஒடித்தேன். ஆனாலும் கார் பாதியில் சுற்றுவதை விட்டுவிட்டு ஒரு குலுக்கலோடு நேரானது. சாக்குகளில் ஒன்றுகூட விழவில்லை. நான் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். சேகர் நாகரிகமாகச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பத்துக்கு ஆறு வந்தது, அப்புறம் பத்துக்கு எட்டு. கழுத்தும் தோளும் விட்டுப்போன பிறகுதான் இறங்கினேன்.

சனிக்கிழமை பரீட்சை. ஐந்து தடவை வழுக்க வைப்பார், எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டார், நாலு சரியாக இருக்க வேண்டும். சாக்குகள் அங்கேயே இருக்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். முதல் தடவையே பள்ளத்துப் பக்கம். கை ஒரு நொடி தயங்கியது, கார் சுற்றிவிட்டது. இனி ஒன்றுகூடத் தப்பக்கூடாது. வாயால் நானே "பள்ளம், பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் போனேன். இரண்டாவது மலைப்பக்கம், சரி. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது மூன்றுமே பள்ளத்துப் பக்கம். வால் நகர்ந்ததும் கண் களத்தின் கடைசியில் இருக்கும் கேட்டைப் பார்த்தது. கை சாக்குகளின் பக்கம் ஒடித்தது. மூன்று தடவையும் கார் கேட்டை நோக்கி நேராக நின்றது. சேகர் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தாளை மடித்துக்கொண்டு இறங்கும்போதுதான் சுவர் ஓரத்தில் மாதேஷ் நிற்பதைப் பார்த்தேன். டூவீலரில் வந்திருக்கிறார். எனக்குப் பரீட்சை வைப்பது நியாயமில்லை என்று சேகரிடம் எனக்காகப் பேச வந்தவர், பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க டிரைவரம்மா, அந்தச் சாக்கெல்லாம் எதுக்குங்க?"

"பள்ளத்துக்கு அடையாளமுங்க."

"நீங்க பள்ளத்துப் பக்கமுங்களா ஒடிக்கறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தன் குறுக்கே வந்துவிட்டார். எனக்கு உதவி செய்வதாக நினைப்பு. "பரிச்சைக்குத்தானுங்க மாதேசு. மெட்ராஸ்காரருக்கு அப்படி ஒடிச்சாத்தான் கையெழுத்து. ரோட்டுல நாங்க எப்பவும்போல மலைப்பக்கந்தான்."

மாதேஷ் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அதான பாத்தேன். நொம்பப் பயந்துபோயிட்டனுங்க."

அதோடு விட்டிருக்கலாம். தாள் என் கையில் இருந்தது. திங்கட்கிழமை சாவி வரும், கௌரி ஏறுவாள், ஊர் என்னைப் பாராட்டிக்கொண்டே இருக்கும். மாதேஷ் மனம் மாறினால் மாரமங்கலத்தில் ஒரு பிள்ளையும் என் வேனில் ஏறாது. பிள்ளைகள் ஏறாத வேனுக்குச் சாவி எதற்கு? எல்லாம் ஒரே மூச்சில் மனதில் ஓடியது. ஆனால் அடுத்த மழையில் நான் பள்ளத்துப் பக்கம் ஒடிக்கும்போது பின்னால் அவர் மகள் உட்கார்ந்திருப்பாள். அவருக்குத் தெரியாமல் அதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை.

"சித்தண்ணன் சொல்றது சரியில்லீங்க. ரோட்டுலயும் நான் இப்படித்தான் ஒடிக்கப்போறேன். வண்டில ஏறுங்க, காட்டறேன்."

அவர் தயங்கினார். சேகர் முன் கதவைத் திறந்துவிட்டு, அவருக்குச் சீட் பெல்ட்டை மாட்டி, தான் பின்னால் ஏறி ஹேண்ட்பிரேக்குக்குக் கையை நீட்டிக்கொண்டார். "மொதல்ல தப்பாக் காட்டறேன்," என்று மாதேஷிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பிரேக் இழுபட்டது. வேண்டுமென்றே மலைப்பக்கம் முழுசாக ஒடித்தேன். மூக்கு மேட்டுப் பக்கம் திரும்ப, வால் விசிறிக்கொண்டு போய்ச் சாக்குகளை அடித்துத் தள்ளியது. இரண்டு சாக்கு வெடித்தது. காபித் தொலி கண்ணாடி முழுக்கவும், திறந்திருந்த சன்னல் வழியாக எங்கள் மேலும் கொட்டியது. மாதேஷ் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கார் நின்றபோது மூக்கு மேட்டைப் பார்த்து இருந்தது. பின்பக்கம் முழுசாகச் சாக்கு வரிசைக்கு அந்தப்பக்கம், தரை இல்லை என்று நாங்கள் வைத்துக்கொண்ட இடத்தில் இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுபடி கிளப்பினேன். வால் போனது, பள்ளத்துப் பக்கம் ஒடித்தேன், கார் நேரானது. அவ்வளவுதான், சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மாதேஷ் இறங்கி, வெடித்த சாக்குகள்வரை நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"அன்னைக்கு நீங்க ஒடிச்சது இதுல எதுங்க?"

"மொதல்ல காட்டுனதுங்க."

"அப்பறம் எம்புள்ள எப்படிங்க பொழச்சா?"

"ரோடு ஒரு மொழம் மிச்சமிருந்துச்சுங்க. அதத்தவிர வேற ஒண்ணுமில்லீங்க. அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்கல்லாம் பாராட்டுனீங்க, நான் பேசாம இருந்துட்டேன்."

மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டார். சட்டையில் ஒட்டியிருந்த தொலியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். திட்டிவிட்டால் தேவலாம் என்று இருந்தது எனக்கு.

"சிஸ்டருக்குத் தெரியுங்களா?"

"இப்ப நேரா அங்கதாங்க போறேன்."

"சொல்லிப்போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியைக் கிளப்பினார். கேட்வரை போனவர் நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு திரும்பினார்.

"திங்கக்கெழம கௌரிய உங்களுக்கு நேர் பின்னால உக்கார வைங்க. வழுக்குனா எந்தப் பக்கம் ஒடிக்கோணும்னு நான் இன்னைக்கே ஊட்டுல அவளுக்குச் சொல்லிக் குடுத்தர்றேன். நீங்க மறந்தாலும் அவ கத்துவாளுங்க."